மைக்கில் வராத பெயர்

கடற்கரைச் சாலை திரும்பும் இடத்தில் கிருஷ்ணமணி பைக்கின் வேகத்தைக் குறைத்தபோதுதான் கோயில் மைக் கரகரத்தது. பின்னால் இருந்த விக்டோரியா அவன் தோளைத் தட்டினாள். அவன் வண்டியை ஓரம் கட்டி எஞ்சினை அணைத்தான்.

கோயில் கணக்கப்பிள்ளை செல்வதாஸின் குரல். சாவானாலும் சரி, சங்கக் கூட்டமானாலும் சரி, மனுசனுக்கு ஒரே குரல்தான்.

"நமது பங்கைச் சேர்ந்த, பனியடிமை, மரியபுஷ்பம் தம்பதியரின் மகனும், பிலோமியின் கணவரும், ஸ்மிதா, டெல்வின் ஆகியோரின் தகப்பனாருமான சிலுவைதாசன் இன்று காலை இறைவனடி சேர்ந்தார். அடக்கத் திருப்பலி மாலை நான்கு மணிக்கு."

மைக் அணைந்தது. விக்டோரியா இன்னும் கேட்டுக்கொண்டு நின்றாள். ஒருவேளை திரும்ப வாசிப்பார், இரண்டாம் தடவையில் வரும் என்று நினைத்தாள். வரவில்லை. சிலுவைதாசனுக்குப் பிள்ளைகள் மூன்று பேர். மூத்தவள் விக்டோரியா. மைக்கில் இருந்தது இரண்டு பேர்.

கிருஷ்ணமணியும் கேட்டான். அவன் முகத்தைப் பார்க்கவே அவளுக்குப் பிடிக்கவில்லை. களியக்காவிளையில் லாரி உதிரிபாகக் கடை வைத்திருக்கும் இந்து ஆளைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு போன நாளிலிருந்து அப்பா அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாதது வேறு. செத்த அன்றைக்கு ஊரறியப் பிள்ளையே இல்லை என்று சொல்லிவிட்டுப் போவது வேறு.

"நான் குருசடிப் பக்கம் நிக்கேன். நீ போ. வேணும்னா விளி" என்றான் கிருஷ்ணமணி, சாலையோரச் சிலுவை மேடையைக் காட்டி.

அவள் மணலில் இறங்கி நடந்தாள். ஆனி மாதக் காற்று சேலையைப் பிடித்து இழுத்தது. தன் பெயரை யார் வெட்டியிருப்பார்கள் என்று நடந்துகொண்டே எண்ணினாள். அப்பா போய்ச் சொல்லியிருக்கலாம். அம்மா சொல்லாமல் அப்பா எதுவும் செய்ததில்லை. ஸ்மிதா காலையில் போனில் "அப்பா போயிட்டாருக்கா" என்று அழுதாளே, அந்த அழுகையில்கூட ஏதோ ஒரு இழுப்பு இருந்த மாதிரி இப்போது தோன்றியது. டெல்வின் போனே பண்ணவில்லை.

வீட்டு முற்றத்தில் தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஆண்கள் அவளைப் பார்த்து வழிவிட்டார்கள். ஒருவர் மட்டும் "வந்தியா மக்கா" என்றார். மற்றவர்கள் தார்ப்பாய்க் கயிற்றைப் பார்த்தார்கள். பார்க்கட்டும், கயிறு ஓடியா போகப்போகிறது.

முன்னறையில் அப்பாவை மேசை மேல் கிடத்தியிருந்தார்கள். கோடி வேட்டி, வெள்ளைச் சட்டை, கையில் ஜெபமாலை. காலையில் கடலைப் பார்த்து உட்கார்ந்து பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்துவிட்டாராம். டாக்டர் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. விக்டோரியா காலடியில் நின்றாள். அழுகை வருமென்று வழியெல்லாம் பயந்துகொண்டிருந்தாள். வரவில்லை. கோபம்தான் வந்தது. அது இன்னும் கேவலமாக இருந்தது.

அம்மா பாயில் இருந்தாள். மகளைக் கண்டதும் ஒப்பாரி ஒரு படி ஏறி இறங்கியது. கையை நீட்டவில்லை. ஸ்மிதாதான் எழுந்து வந்து கட்டிக்கொண்டாள்.

மறுபடியும் மைக் அலறியது. அதே அறிவிப்பு. ஸ்மிதா, டெல்வின் ஆகியோரின் தகப்பனாருமான. விக்டோரியா அறையில் இருந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஒருத்தி கொட்டாவி விட்டாள். ஒருத்தி குழந்தையின் மூக்கைத் துடைத்தாள். அம்மா முகத்தில் ஒன்றும் இல்லை. ஒரு பெயர் குறைகிறது என்று ஒருத்தருக்கும் உறைக்கவில்லை. உறைத்தும் காட்டிக்கொள்ளவில்லை என்றால் அது அதைவிட மோசம்.

பக்கத்து வீட்டு லீமா நெருக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். பள்ளிக்கூடத்தில் இவளோடு படித்தவள். துக்கம் விசாரிப்பதைச் சட்டென்று முடித்துக்கொண்டு, மனசில் இருந்ததை இறக்கிவைக்க ஆரம்பித்தாள். ஈஸ்டர் கழிந்து லீமாவின் அப்பா இறந்தபோதும் இப்படித்தானாம். மைக்கில் மூத்த அண்ணன் பெயர் வரவில்லை. அண்ணன் துபாயில் இருக்கிறார். யாரோ போனிலேயே அறிவிப்பைக் கேட்க வைத்துவிட்டார்கள். மீன்பிடி வள்ளத்தில் பங்கு தராமல் ஏமாற்றத்தான் தம்பிமார் தன் பெயரை எடுத்துவிட்டார்கள் என்று அவர் ஒரே முடிவாக முடிவு கட்டிவிட்டார். இன்றுவரை பேச்சுவார்த்தை கிடையாது.

"யாரு எடுத்ததுன்னு தெரிஞ்சுதா?" என்று கேட்டாள் விக்டோரியா.

"யாரு ஒத்துக்குவா? கம்ப்யூட்டர்ல இருந்து வந்த பேப்பருன்னு கணக்கப்பிள்ளை கைய விரிச்சாரு. ஒனக்க தம்பி செஞ்ச கம்ப்யூட்டர்தான" என்றாள் லீமா.

விக்டோரியாவுக்கு இது புதுச் செய்தி. டெல்வின் டிப்ளமோ முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருக்கிறான் என்பது மட்டும்தான் தெரியும். லீமா மிச்சத்தையும் சொன்னாள். கோயில் பங்கிலுள்ள குடும்பங்களின் விவரமெல்லாம் முந்தைய ஃபாதர் காலத்திலேயே கம்ப்யூட்டரில் ஏற்றியாகிவிட்டது. ஆனால் அதிலிருந்து ஒன்றை எடுக்க வேண்டுமென்றால் அரை நாள் தேட வேண்டும். புது ஃபாதர் கேட்டார் என்று டெல்வின் ஈஸ்டருக்கு முந்திய தவக்காலத்தில் உட்கார்ந்து ஒரு புரோகிராம் எழுதினான். இப்போது குடும்ப எண்ணைப் போட்டுப் பட்டனை அமுக்கினால் மரண அறிவிப்பு முழுசாக அச்சாகி வருகிறது. ஊரில் டெல்வினுக்கு நல்ல பெயர்.

சரிதான், என்று நினைத்தாள் விக்டோரியா. அப்பா சொன்னார், தம்பி வெட்டினான். வெட்டுகிறவனுக்கே கத்தியும் சொந்தம். லீமா வீட்டில் யார் கேட்டு வெட்டினானோ, அது அவன் பாடு.

டெல்வினைப் பின்பக்கம் கூப்பிட்டாள். அவன் அழுது முகம் வீங்கியிருந்தான். அந்த முகத்தைப் பார்த்து இளகிவிடக் கூடாது என்று சுவரைப் பார்த்தபடி பேசினாள்.

"ஆபீஸ் சாவி ஆருகிட்ட இருக்கு?"

"கணக்கப்பிள்ளைகிட்ட. எதுக்குக்கா?"

"எனக்க பேரு எங்க போச்சுன்னு பாக்கணும்."

பெயர் போய்விட்டதா என்று அவன் ஆச்சரியமாகக் கேட்கவில்லை. அதிலேயே அவளுக்கு எல்லாம் தெரிந்த மாதிரி ஆகிவிட்டது. முன்னால் நடந்தாள். அவன் பின்னால் வந்தான்.

பங்கு அலுவலகத்தில் செல்வதாஸ் குழி வெட்டும் ஆட்களோடு பேசிக்கொண்டிருந்தார். விக்டோரியாவைக் கண்டதும் பேச்சை முடித்து அவர்களை அனுப்பிவிட்டார். கம்ப்யூட்டரைப் பார்க்க வேண்டும் என்றதும் ஃபாதர் நாகர்கோவில் போயிருக்கிறார், வரட்டும் என்றார். விக்டோரியா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். களியக்காவிளையில் கம்ப்யூட்டர் சென்டரில் விஷுவல் பேசிக்கும் ஆக்சஸும் சொல்லிக்கொடுப்பவள் அவள். நாற்காலியில் உட்கார்ந்த பிறகு அவளை எழுப்ப யாராலும் ஆகாது.

"எனக்கு ஒண்ணும் தெரியாது பிள்ளே. பட்டன அமுக்குனா வரும், வந்தத வாசிப்பேன். மிச்சமெல்லாம் உங்க வீட்டு விஷயம்" என்று சொல்லிவிட்டு அவர் மணி அடிக்கிறவனைத் தேடிப் போய்விட்டார். போகிற வேகத்தைப் பார்த்தால் ஒன்றும் தெரியாதவர் மாதிரி இல்லை.

முதலில் தகவல் இருக்கும் கோப்பைத் திறந்தாள். உறுப்பினர் அட்டவணை. தன் பெயருள்ள வரிசை வெட்டப்பட்டிருந்தால் பார்த்துவிட்டு அப்படியே எழுந்து, அடக்கத்துக்கும் நிற்காமல் கிருஷ்ணமணியோடு போய்விடுவது என்று முடிவு செய்திருந்தாள். குடும்ப எண்ணை டெல்வின் சொன்னான். அடித்தாள்.

விக்டோரியா. மகள். ஞானஸ்நானத் தேதி, புதுநன்மைத் தேதி, உறுதிபூசுதல் தேதி எல்லாம் இருந்தன. திருமணத் தேதி மட்டும் காலி. அவளுக்கு அடுத்த வரிசையில் ஸ்மிதா, அதற்கடுத்து டெல்வின். ஒருத்தரும் அவளைத் தொடவே இல்லை. அப்பா சாகும்வரைக்கும் அவள் சிலுவைதாசன் வீட்டுப் பிள்ளையாகத்தான் அங்கே இருந்திருக்கிறாள்.

நெஞ்சு ஒரு நிமிடம் லேசானது. உடனே அடுத்த சந்தேகம் ஏறி உட்கார்ந்தது. கோப்பில் இருக்கிறது, தாளில் வரவில்லை என்றால், நடுவில் நின்று தடுப்பது புரோகிராம். புரோகிராம் எழுதியவன் முதுகுக்குப் பின்னால் நிற்கிறான்.

"கோட் எங்க வச்சிருக்க?"

"அக்கா, வீட்டுல ஆளுவ தேடுவாவ."

"தேடட்டும். காட்டு."

காட்டினான். அவள் கண் நேராக, தகவலைக் கேட்டு வாங்கும் வரிக்குப் போனது. வெளியே கல்யாணம் பண்ணினவர்களை விட்டுவிடு என்றோ, திருமணத் தேதி இல்லாதவர்களைத் தள்ளு என்றோ அங்கே ஒரு நிபந்தனை இருக்கும், அதைப் பிடித்து அவன் முகத்துக்கு முன்னால் ஆட்டலாம் என்று நினைத்தாள். அப்படி ஒன்றும் இல்லை. இந்தக் குடும்பத்துப் பிள்ளைகள் எல்லோரையும் வயது வரிசையில் கொடு என்றுதான் எழுதியிருந்தான். நேர்மையான வரி.

கீழே இறங்கினாள். இறங்கிய வேகத்தில் நின்றாள்.

பிள்ளை இல்லாதவர்கள் செத்தால் 'ஆகியோரின் தகப்பனாருமான' என்பது வரக் கூடாதல்லவா? அதற்காக டெல்வின் முதலில் பிள்ளைகள் உண்டா என்று பார்க்க, கம்ப்யூட்டரை ஒரு தடவை படிக்கச் சொல்லியிருந்தான். உண்டென்றால் உள்ளே போய், ஒவ்வொன்றாகப் படித்துப் பெயரை எழுது. அவ்வளவுதான். ஆனால் படி என்று சொல்லும்போதெல்லாம் அது ஒரு வரிசை முன்னால் நகர்ந்துவிடும். திரும்பி வராது. உண்டா என்று பார்க்கப் படித்த வரிசையில் முதல் பிள்ளை வந்து நின்றிருக்கிறது. அதை எங்கேயும் எழுதாமல், அடுத்ததைப் படிக்கப் போய்விட்டான். எந்த வீடானாலும் மூத்தது காலி. லீமா வீட்டிலும் அதுதான்.

சென்டரில் ஒவ்வொரு பேட்சிலும் யாராவது ஒருத்தர் செய்கிற தப்பு இது. சுண்ணக்கட்டியால் போர்டைத் தட்டித் தட்டி அவள் சொல்லிக்கொடுக்கிற தப்பு. சிரிப்பு வந்துவிட்டது. அப்பா செத்த வீட்டிலிருந்து எழுந்து வந்து சிரிக்கிறோமே என்று வாயைப் பொத்திக்கொண்டாள். டெல்வின் அவள் அழுகிறாள் என்று நினைத்துத் தோளைத் தொட்டான்.

அவள் தப்பைக் காட்டினாள். அவன் குனிந்து பார்த்தான். காது மடல் சிவந்துவிட்டது. லீமா வீட்டுச் சண்டை அவனுக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

"எழுதி முடிச்சதும் டெஸ்ட் பண்ணிப் பாக்க மாட்டியால?" என்று கேட்டாள். குரலில் டீச்சர் வந்துவிட்டாள். சந்தேகம் போன நிம்மதியில், திட்டுவதுகூட இனிமையாக இருந்தது.

"பண்ணினேன்."

"யாரு வீட்ட வச்சு?"

அவன் திரையிலிருந்து நிமிர்ந்தான்.

"நம்ம வீட்ட வச்சுதான். ஸ்மிதா, டெல்வின்னு வந்துது. செரியா இருக்குன்னு நெனச்சேன்."

மின்விசிறி டக் டக் என்று ஒரு பக்கம் இடித்துக்கொண்டு சுற்றியது. விக்டோரியா திரையைப் பார்த்தபடியே இருந்தாள். வேறு எந்த வீட்டை எடுத்து டெஸ்ட் பண்ணியிருந்தாலும் தப்பு அன்றைக்கே தெரிந்திருக்கும். அவள் இல்லாத வீடு சரியான வீடாகத் தெரிந்திருக்கிறது, அவனுக்கு. அவன் மேல் கோபப்பட முயன்றாள். வலிதான் வந்தது.

"அப்பா எப்பமோ ஆபீசுல சொல்லி எடுத்திருப்பாருன்னு நெனச்சேன்க்கா. கேக்கல்ல. நம்ம வீட்டுல அதெல்லாம் யாரு கேக்குதா?"

"அப்பாட்ட அந்தப் பேப்பரக் காட்டினியா?"

"காட்டினேன். எனக்க புரோகிராமுல வந்த மொத பேப்பருல்லா. வாசிச்சுக் காட்டினேன். சாவு அறிவிப்ப இப்பமே வாசிக்கியான்னு அம்மா ஏசினா. அப்பா ஒண்ணும் சொல்லல்ல. வாங்கி மடிச்சு சட்டப் பையில வச்சாரு."

ஒண்ணும் சொல்லல்ல. அப்படியென்றால் அப்பா கேட்டிருக்கிறார். மூத்தவள் இல்லாமல் தன் சாவு அறிவிப்பைக் காதால் கேட்டுவிட்டு, சரிதான் என்று மடித்து வைத்திருக்கிறார். கம்ப்யூட்டர் தெரியாமல் செய்ததை மனுசன் தெரிந்தே ஒப்புக்கொண்டிருக்கிறார். அவிழ்ந்த முடிச்சு மறுபடி இறுகியது. இதற்கு அட்டவணையில் பெயரே இல்லாமல் இருந்திருக்கலாம்.

இருந்தாலும் விரல்கள் வேலையைச் செய்தன. முதலில் பெயரை எழுது, பிறகு அடுத்ததைப் படி என்று இரண்டு வரிகளை இடம் மாற்றினாள். ஓடவிட்டாள். பிரிண்டர் இழுத்துத் துப்பியது. விக்டோரியா, ஸ்மிதா, டெல்வின் ஆகியோரின். டெல்வின் தாளை எடுத்துக்கொண்டு செல்வதாஸைத் தேடிப் போனான். லீமா வீட்டுக்கும் போய்ச் சொல்லிவிட்டு வா, துபாய்க்கு இன்றைக்கே போன் பண்ணச் சொல், என்று அவன் முதுகைப் பார்த்துச் சொல்லிவிட்டு அவள் வீட்டுக்குத் திரும்பினாள்.

சவப்பெட்டி வந்திருந்தது. ஆண்கள் அதை முற்றத்தில் வைத்து உள்பக்கம் துணி தைத்திருப்பதைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். முன்னறையில் கூட்டம் கொஞ்சம் குறைந்திருந்தது. அம்மாவுக்கு யாரோ பால் சேர்க்காத கட்டங்காப்பி கொடுத்திருந்தார்கள். குடிக்காமல் கையில் வைத்திருந்தாள். விக்டோரியா பக்கத்தில் உட்கார்ந்தாள். சுற்றி வளைத்துக் கேட்க அவளுக்குப் பொறுமை இல்லை.

"தவக்காலத்துல தம்பி ஒரு பேப்பர் கொண்டு வந்தானே. அதுல எனக்க பேரு இல்லாதத அப்பா பாத்தாரா?"

அம்மா காப்பியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"பாக்காமலா? அன்னைக்கு ராத்திரி சோறு உண்ணல்ல."

"எதுக்கு?"

"எதுக்கா? எட்டி, நீ எழுதிக் குடுத்துட்டு என்கிட்ட கேக்கியா?"

விக்டோரியாவுக்குப் புரியவில்லை. என்ன எழுதிக் கொடுத்தேன் என்று கேட்டாள். அம்மா இப்போதுதான் அவளை நேராகப் பார்த்தாள். அந்தப் பார்வையிலும் சந்தேகம்தான் இருந்தது. இத்தனை நேரம் தன் முகத்தில் இருந்ததும் இதே பார்வைதான் என்று விக்டோரியாவுக்குத் தெரிந்தது.

"நான் வெட்டல்ல, நீ வெட்டினியான்னு என்கிட்ட கேட்டாரு. மாதாவாண நான் இல்லன்னேன். அப்பம் அவளேதான் பேர வெட்டச் சொல்லி கோயிலுக்கு எழுதிக் குடுத்திருக்கா, நாம வேண்டாம்னு ஆயிட்டுது அவளுக்குன்னு சொன்னாரு. அதுவர நெம்மீன் கெடைச்சா, களியக்காவெளைக்குக் குடுத்து விடணும்னு சொல்லிட்டே இருப்பாரு. குடுத்து விட்டதில்ல. சொல்லுவாரு. அதுக்குப் பெறவு சொல்லதையும் நிறுத்திட்டாரு."

விக்டோரியா வாயைத் திறந்தாள். நான் எழுதிக் கொடுக்கவில்லை, யாரும் வெட்டவில்லை, தம்பி ஒரு வரியை இடம் மாற்றிப் போட்டுவிட்டான், அவ்வளவுதான் என்று சொல்ல வேண்டும். அம்மாவுக்குச் சொல்லலாம், இன்றைக்கோ நாளைக்கோ சொல்லிப் புரிய வைத்துவிடலாம். ஆனால் அவள் இதைச் சொல்ல வேண்டிய ஆள் அம்மா இல்லை. எழுந்து மேசையின் தலைமாட்டுக்குப் போனாள். இவ்வளவு நேரம் காலடியிலேயே நின்றிருந்தாள். கிட்டத்தில் பார்த்தபோது அப்பாவின் முகத்தில் ஒரு நாள் தாடி வெள்ளையாக முளைத்திருந்தது. வாய் திறந்துவிடாமல் இருக்க, தாடையைச் சுற்றி உச்சந்தலை வரைக்கும் வெள்ளைத் துணியால் நாடி கட்டியிருந்தார்கள்.

கோயில் பக்கம் மைக் கரகரத்தது. செல்வதாஸ் தொண்டையைச் செருமினார். அறையில் யாரோ மின்விசிறியை அணைத்தார்கள்.

"நமது பங்கைச் சேர்ந்த, பனியடிமை, மரியபுஷ்பம் தம்பதியரின் மகனும்..."

துணி அப்பாவின் காதை மூடிக்கொண்டிருந்தது. விக்டோரியா குனிந்து, கட்டு அவிழ்ந்துவிடாமல், அதைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டாள்.